மீன் விழுந்தாச்சா?



போன ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பாடு முடிந்து, பாயை விரித்துச் சற்றே தலை சாய்க்கலாம் என்றிருந்த நேரம். டிவியைப் போட்டதும் 'மைக்கேல் மதன காமராஜன்' ஓடிக்கொண்டிருந்தது. அடுக்களையில் அக்கா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். சமையல்காரன் காமேஸ்வரனின் பாலக்காட்டுத் தமிழ் காதில் விழுந்ததுமே அங்கிருந்து குரல் வந்தது.

"டேய், மீன் விழுந்தாச்சா?"

"இன்னும் இல்லக்கா."

குழாயை மூடும் சத்தம் கேட்டது. ஈரக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே வந்து, பாயின் ஓரத்தில் காலை மடக்கி உட்கார்ந்தாள். பாத்திரங்கள் சாயங்காலம் வரை அப்படியே கிடந்தன.

1990 தீபாவளிக்கு வந்த படம் அது. அக்காவுக்கு அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை. இப்போது அவள் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இத்தனை வருடத்தில் அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்திருப்பாள் என்று கணக்கே கிடையாது. எந்த வசனத்துக்கு அடுத்து எந்த வசனம் என்பது அவளுக்கு மனப்பாடம். ஆனாலும் சாம்பாரில் அந்த மீன் விழுவதற்குள் வந்து உட்கார்ந்துவிட வேண்டும்.

எங்கள் அலுவலகத்தில் டீ நேரத்தில் அடிக்கடி ஒரு விவாதம் கிளம்பும். தமிழின் தலைசிறந்த பத்துப் படங்கள் எவை? ஆளுக்கொரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். உதவி ஆசிரியர் ஒருவர் தன் பட்டியலை மாதத்துக்கு ஒரு முறை திருத்துகிறார். என்னிடம் பட்டியல் கிடையாது. ஒரே ஒரு அளவுகோல்தான் இருக்கிறது, அதை அக்காவிடமிருந்து கற்றுக்கொண்டேன். படம் பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது தற்செயலாக நாம் அந்தப் பக்கம் போகிறோம். கையில் வேலை இருக்கிறது. 'இந்த ஒரு சீன் மட்டும்' என்று நிற்கிறோம். அப்புறம் உட்கார்கிறோம். கடைசிவரை எழுந்திருக்க முடிவதில்லை. அப்படி நம்மை உட்காரவைக்கிற படம் நல்ல படம். முதல் நாள் முதல் காட்சியில் எத்தனை பேர் விசிலடித்தார்கள் என்பது எனக்கு இரண்டாம்பட்சம்.

அந்த மீன் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆசாரமான கல்யாணப் பந்தி, சாம்பாருக்குள் ஒரு மீன். சொல்லவும் முடியாது, சொல்லாமல் இருக்கவும் முடியாது. இந்தத் தவிப்பை வைத்துக்கொண்டு கிரேசி மோகன் எழுதிய வசனத்தைத் தியேட்டரில் முதல் தடவை பார்த்தபோது பாதிதான் கேட்டோம். ஒரு வரிக்கு ஜனங்கள் சிரித்து முடிப்பதற்குள் அடுத்த இரண்டு வரிகள் ஓடிவிடும். அந்தச் சிரிப்புச் சத்தத்துக்குள் புதைந்துபோன வரிகளை அப்புறம் வீட்டில் உட்கார்ந்துதான் ஒவ்வொன்றாகத் தோண்டியெடுத்தோம். பத்தாவது தடவை பார்க்கும்போதுதான் பாட்டியாக வரும் எஸ்.என். லட்சுமியின் கைகள் எனக்குக் கண்ணில் பட்டன. கைநீளம் உள்ள பாட்டி. வசனம் வேறு யாருக்கோ இருக்கும்போதும் அந்தக் கைகள் தம் வேலையை நினைத்துக்கொண்டே இருக்கின்றன. மோகன் 2019 ஜூனில் மறைந்தபோது எங்கள் வீட்டில் சொந்தக்காரர் போனதுபோலத்தான் இருந்தது.

இப்போது படம் வெளியாகிற வாரத்தில் யாரைப் பார்த்தாலும், "கதையைச் சொல்லிடாதீங்க!" என்று காதைப் பொத்திக்கொள்கிறார்கள். ஸ்பாய்லர் என்ற சொல் அக்கா மகள் வாயிலிருந்து ஒரு நாளைக்கு நான்கு முறை வருகிறது. அவர்கள் ஆசையை நான் குறை சொல்லவில்லை. என்ன நடக்கப்போகிறது என்று தெரியாமல் இருட்டில் உட்கார்ந்திருப்பதும் ஒரு சுகம்தான். ஆனால் நம் ஊர் ரசிகர்களின் பழைய பழக்கம் வேறு. தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தில் முக்கால் கதையை அச்சடித்துக் கொடுத்துவிட்டு, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று போட்டிருப்பார்கள். கதை தெரிந்துவிட்டதே என்று யாரும் வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை.

அதற்கும் முன்னால் போனால் கூத்து. செய்யாறு பக்கம்தான் எங்கள் அப்பாவின் ஊர். திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதக் கூத்து நடக்கும். ராத்திரி பத்து மணிக்குமேல் தொடங்கி விடிய விடிய ஆடுவார்கள். கர்ணன் சாகப்போகிறான் என்பது ஊரில் கைக்குழந்தை தவிர எல்லாருக்கும் தெரியும். பெட்டி அடுக்கியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், கட்டியங்காரன் பேச்சுக்குச் சிரித்தபடியே நாங்கள் பாயில் தூங்கிப்போவோம். நடுச்சாமத்தில் மிருதங்கமும் முகவீணையும் உச்சத்துக்குப் போகும்போது விழிப்பு வரும். கண்ணைக் கசக்கிக்கொண்டு பாட்டியிடம் கேட்போம்: "எந்த இடம் பாட்டி?" பாட்டி ஒரே வார்த்தையில் சொல்வாள்: "பொன்னுருவி." அவ்வளவுதான். கர்ணன் மனைவியிடம் விடைபெறுகிற இடம். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து கதைக்குள் நுழைந்துவிடுவோம்.

அக்கா அடுக்களையிலிருந்து கேட்ட கேள்வியும் அதே கேள்விதான் என்று எனக்குப் படுகிறது.

கதை தெரிந்த படத்தில் கண்ணை வேறு பக்கம் திருப்பவும் முடியும். 'காதலிக்க நேரமில்லை' 1964இல் ஸ்ரீதர் எடுத்த படம். அதில் நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் இடத்தை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை வந்தால் ஒரு காரியம் செய்யுங்கள், நாகேஷைப் பார்க்காதீர்கள். கஷ்டம்தான், அந்த மனுஷன் விரலிலும் தொண்டையிலும் ஒரு காட்டையே உண்டாக்குகிறார். இருந்தாலும் பாலையாவின் முகத்தில் கண்ணை வையுங்கள். எஸ்டேட் முதலாளி, பணக்காரர், மகனாக வரும் நாகேஷின் சினிமாப் பைத்தியத்தின்மீது துளியும் மரியாதை இல்லாதவர். அலட்சியமாகத்தான் கேட்கத் தொடங்குகிறார். பிறகு புருவம் லேசாக ஏறுகிறது. அப்புறம் கழுத்து உள்ளே போகிறது. யோசித்துப் பாருங்கள், நாகேஷ் சொல்வதில் கதை என்று ஒன்றுமே கிடையாது. ஓசைதான் இருக்கிறது. கதை முழுக்க பாலையாவின் முகத்தில்தான் நடக்கிறது. சொல்கிறவருக்குச் சமமாகக் கேட்கிறவர் உழைத்த காட்சி அது.

அதே பாலையா நான்கு வருடம் கழித்து 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் தவில்காரர் முத்துராக்கு. கத்திக்குத்துப் பட்ட நாதஸ்வரக்காரர் சிக்கல் சண்முகசுந்தரம் (சிவாஜி) வாசிக்க உட்கார்ந்திருக்கிறார். மோகனா (பத்மினி) ஆடியபடியே பாட்டில் நலம் விசாரிக்கிறாள். சபை நடுவில் வேறு எப்படித்தான் கேட்பாள்? அவருக்கோ வாயில் நாதஸ்வரம். பதில் சொல்ல வழியில்லை, கண்ணால் சொல்ல வேண்டும். சிவாஜியும் பத்மினியும் அங்கே செய்வதைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை, மதுரை சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பைப் பற்றியும் நிறையச் சொல்லியாகிவிட்டது. நான் பார்ப்பது தவிலுக்குப் பின்னால் இருக்கிற மனிதரை. இரண்டு பேருக்கும் நடுவில் நடக்கும் பேச்சு முழுக்க அவருக்குப் புரிகிறது. கை நிற்கக் கூடாது, தாளம் தப்பக் கூடாது. கண் மட்டும் நிறைகிறது. எனக்கு இருபது வயதில் அந்தக் காட்சி சிவாஜியுடையதாகத்தான் இருந்தது. ஐம்பதைத் தாண்டிய பிறகு பாலையாவுடையதாக மாறிவிட்டது. படத்தில் ஒரு அங்குலம்கூட மாறவில்லை.

இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களை நினைக்கும்போது டெல்லி கணேஷை விட்டுவிட்டுப் போக முடியாது. விமானப்படையில் இருந்தவர், நாடகத்திலிருந்து வந்தவர். காமேஸ்வரனின் அப்பா பாலக்காடு மணி ஐயராக அவரைப் பார்க்கும்போது, ஒரு நடிகர் வேஷம் கட்டியிருக்கிறார் என்றே தோன்றாது. நாலு கல்யாணத்துக்கு அச்சாரம் வாங்கிவிட்டு ஆள் கிடைக்காமல் அலைகிற சமையல்காரரை நேரில் பார்த்ததுபோல இருக்கும்.

ஆனால் எனக்கு அவர் 'சிந்து பைரவி'யின் மிருதங்கக் கலைஞர். 1985இல் வந்த படம். கச்சேரிக்குக் குடித்துவிட்டு வருகிறார். பாடகர் ஜே.கே.பி.யாக வரும் சிவகுமாருக்கு அது பொறுக்கவில்லை. அவரை விலக்கிவிட்டு, மிருதங்கமே இல்லாமல் கச்சேரியை நடத்திக் காட்டுகிறார். முதல் தடவை பார்த்தபோது நான் ஜே.கே.பி. பக்கம். சங்கீதத்தை மதிக்கத் தெரியாதவனுக்கு இது வேண்டும் என்று நினைத்தேன். படத்தின் பின்பாதியில் அதே ஜே.கே.பி. குடியில் விழுந்து தன் மானத்தை எல்லாம் இழந்து நிற்பதைப் பார்த்த பிறகு, அந்த முதல் காட்சியை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை. கூனிக் குறுகி நிற்கிற மிருதங்கக்காரரைக் காட்டிலும், நிமிர்ந்து உட்கார்ந்து பாடுகிறவர்மீது இரக்கம் வருகிறது. முடிவு தெரிந்த பிறகு பார்ப்பதால் மட்டுமே கிடைக்கிற இரக்கம் அது. கதை தெரிந்துவிட்டால் படம் செத்துவிடும் என்று யாராவது சொன்னால் இந்த ஒரு காட்சியைத்தான் காட்டுவேன்.

2024 நவம்பரில் அந்த வார இறுதியை எங்கள் அலுவலகத்தில் யாரும் மறக்க மாட்டோம். 9ஆம் தேதி இரவு டெல்லி கணேஷ் போய்விட்டார். அவரைப் பற்றிய குறிப்பை எழுதிக்கொண்டிருக்கும்போதே மறுநாள் மதுரையிலிருந்து எழுத்தாளர் இந்திரா சௌந்தர்ராஜனின் மறைவுச் செய்தி. ஒருவர் எங்களைச் சிரிக்க வைத்தவர், மற்றவர் ராத்திரி கொல்லைப்புறம் போக விடாமல் செய்தவர்.

இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய 'மர்மதேசம்' தொடர் வந்தபோது சன் டிவி தொடங்கிச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிக்க, நாகா இயக்கினார். அதில் 'விடாது கருப்பு' வந்த காலத்தில் ஒரு அத்தியாயத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே முழுசாக ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். அந்த ஒரு வாரமும் தெருவே துப்பறியும். குதிரைமேல் வருவது சாமியா, ஆளா? ஆள் என்றால் யார்? எங்கள் தெருக்கோடி டீக்கடையில் இதை வைத்துப் பந்தயம் கட்டினார்கள். இப்போது அந்தக் குதிரைக்காரர் யார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சமீபத்தில் மறுபடி பார்த்தேன், எழுந்திருக்க முடியவில்லை. விடையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டால் அந்த ஊர் தெரிகிறது. கருப்பசாமியை நம்புகிறவர்களையும் நம்பாதவர்களையும் இந்திரா சௌந்தர்ராஜன் ஒரே தராசில் வைத்திருக்கிறார். யாரையும் முட்டாளாக்கவில்லை. அவர் காட்டியது நம் ஊர்க் குலசாமியின் அரிவாளும் குதிரையும். அந்தப் பயம் அப்பாவின் ஊரில் எனக்கு ஏற்கெனவே பழக்கம்.

'மெட்டி ஒலி' தொடர் முதலில் ஓடியபோது அதை நான் ஒழுங்காகப் பார்க்கவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். 2002இலிருந்து மூன்று வருடங்களுக்குமேல் ஊரே பார்த்தது. அலுவலகத்திலிருந்து வரும்போது தெருவில் ஒவ்வொரு வாசலிலிருந்தும் அந்த முகப்புப் பாட்டு கேட்கும். 2020 ஊரடங்கில் மறுஒளிபரப்பு வந்தபோதுதான் அப்பாவோடு உட்கார்ந்து பார்த்தேன். மனைவியை இழந்த ஒருவர், ஐந்து பெண்களைக் கரையேற்ற வேண்டும். சிதம்பரமாக டெல்லி குமார். ஒரு பெண்ணின் புகுந்த வீட்டுக்குப் போய், மாப்பிள்ளை மாணிக்கம் தூக்கியெறிந்து பேசுவதைக் கேட்டுக்கொண்டு, வெளியே வந்து செருப்பை மாட்டுவார். செருப்பை மாட்டும்போது முகத்தைக் குனிந்துகொள்கிறாரே, அந்தக் குனிவு போதும். அப்பா அன்றைக்குத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, வியர்க்கிறது என்று சொல்லி மின்விசிறியைக் கூட்டச் சொன்னார். அக்காவைக் கட்டிக்கொடுத்த புதிதில் அவரும் எங்கோ ஒரு வாசலில் அப்படிக் குனிந்திருக்கிறார் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

இன்றைய தொடர்களில் பொறுமையை இழக்க வைக்கிற விஷயம் ஒன்று இருக்கிறது. ஒருவர் ஒரே ஒரு வார்த்தை சொல்கிறார். உடனே வீட்டில் இருக்கும் எட்டுப் பேர் முகத்தையும் வரிசையாக, இடிச் சத்தத்தோடு காட்டுகிறார்கள். நல்ல நடிகர்களின் நேரத்தையும் நம் நேரத்தையும் அது விழுங்குகிறது. எழுதுகிறவர்களும் இயக்குகிறவர்களும் நம்மைக் கொஞ்சம் நம்பலாம். அப்படியிருந்தும் 'எதிர்நீச்சல்' தொடரில் மாரிமுத்து ஆதி குணசேகரனாக நாற்காலியில் வந்து உட்கார்ந்தால் இடிச் சத்தம் தேவைப்படவில்லை. அந்த வருசநாட்டுப் பேச்சிலேயே வீட்டுப் பெண்களின் பத்து வருடக் கதை இருந்தது. 2023 செப்டம்பர் 8ஆம் தேதி அதே தொடருக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு நெஞ்சுவலி வந்தது, அன்றே போய்விட்டார். அவர் வேஷத்தை ராத்திரிக்கு ராத்திரி திட்டிய பெண்கள் மறுநாள் அழுததை நான் பார்த்தேன். குணசேகரனைப் போல ஒருவரை நம்மில் பலர் வீட்டிலேயே பார்த்திருக்கிறோம், அதனால்தான் அத்தனை கோபமும் அத்தனை அழுகையும்.

அண்மையில் வந்த படங்களில் என்னை உட்காரவைத்தது 'மெய்யழகன்'. இதில் எனக்கும் அக்காவுக்கும் சண்டை. "பேசிக்கிட்டே இருக்காங்கடா" என்பது அவள் கட்சி. பலரும் அப்படித்தான் சொன்னார்கள் போலிருக்கிறது. 2024 செப்டம்பரில் வெளியான சில நாட்களிலேயே படத்தில் 18 நிமிடங்களுக்குமேல் குறைத்தார்கள். நான் குறைப்பதற்கு முன்னால் பார்த்தவன், அந்த நீளம் எனக்குப் பாரமாக இல்லை. சொந்த வீட்டை இழந்து ஊரைவிட்டுப் போன அருள்மொழி, பல வருடம் கழித்து நீடாமங்கலத்துக்கு ஒரு கல்யாணத்துக்காக வருகிறான். "அத்தான், அத்தான்" என்று ஒருவன் ஒட்டிக்கொள்கிறான். அவன் யார் என்று இவனுக்கு நினைவில்லை, கேட்கவும் கூச்சம். நம்மில் யாருக்கு இது நேரவில்லை? கல்யாண வீட்டில் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னைத் தெரியுதா?" என்று கேட்கிறார். நாம் சிரித்துக்கொண்டே தலையாட்டுகிறோம், உள்ளே பெயரைத் தேடித் தவிக்கிறோம். இரண்டே இரண்டு பேர் ராத்திரி முழுக்கப் பேசுவதற்கு அந்தத் தவிப்பு போதுமான கதை.

அதில் மணமேடைக் காட்சி ஒன்று. தங்கைக்காக வாங்கிவந்த நகைகளை அருள்மொழி மேடையிலேயே பிரித்து அவளுக்குப் போட்டுவிடுகிறான். கொலுசும் உண்டு. அதற்காக அவள் காலடியில் குனிய வேண்டியிருக்கிறது. அவள் அழுகிறாள். சுற்றிலும் சொந்தக்காரர்கள் நிற்கிறார்கள், புகைப்படக்காரர் காத்திருக்கிறார். அரவிந்த்சாமி அந்த இடத்தில் ஒன்றுமே செய்யவில்லை, திருகாணியில் கவனமாக இருக்கிறார். அக்காகூட அந்த இடத்தில் மட்டும் பேசாமல் இருந்தாள்.

அக்கா மகளின் கட்சி வேறு. புஷ்கர் - காயத்ரி உருவாக்கிய 'சுழல்' தொடரை அவள் ஒரே ராத்திரியில் பார்த்து முடித்தாள். குற்றவாளி யார் என்று தெரிந்தாகிவிட்டது, இனி அதில் என்ன இருக்கிறது என்கிறாள். எனக்கு அதில் மயானக் கொள்ளை இருக்கிறது. திருவிழா ஒரு பக்கம் ஏற ஏற, விசாரணை இன்னொரு பக்கம் இறுகுகிறது. உடுக்கைச் சத்தத்தோடு ஆட்கள் வண்ணம் பூசிக்கொண்டு வருகிற இடங்களை நான் தனியாக மறுபடி பார்த்தேன். அவளையும் கூப்பிட்டேன். கையில் செல்போனோடு வந்தவள், பத்து விநாடி தள்ளும் பொத்தானைத் தொடாமலே அரை மணி நேரம் பார்த்தாள். பிறகு, "மாமா, இந்தத் திருவிழா நிஜமாவே நடக்குதா? எங்க?" என்று கேட்டாள். மாசி மாதம் மேல்மலையனூருக்கு அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறேன்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அடுத்த இதழில் இரண்டு பக்கங்களை உங்களுக்காக ஒதுக்கி வைத்திருக்கிறோம். எந்தப் படம், எந்தத் தொடர், பாதியில் நுழைந்தாலும் உங்களை எழவிடாமல் உட்காரவைக்கிறது? ஒரு அஞ்சலட்டை போதும். படத்தின் பெயரை எழுத வேண்டாம், நடிகர் பெயரும் வேண்டாம். அடுக்களையிலிருந்து என்ன கேட்பீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். எங்களுக்குப் புரிந்துவிடும்.

அன்புடன்,
ஆசிரியர்